தேக்கு, பித்தளை, தேங்காய் எண்ணெய்

உங்க வீட்டம்மாங்களா உள்ள போயிருக்கறது? அப்பச் சித்த உக்காருங்க சார். இந்த நாற்காலி சும்மாதான் கெடக்குது. உள்ள போனவங்க லேசுல வர்றதில்லீங்க, நான் காத்தால இருந்து பாத்துட்டு இருக்கறேன். பொம்பளைங்க போனா இன்னும் நேரமாகுது. அப்படி என்னத்தப் பாத்தீங்கன்னு கேட்டா ஆரும் வாயத் தொறக்கறதில்ல. மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு அக்கட்டப் போயர்றாங்க.

உள்ள ஒண்ணுமே இல்லீங்க. நான் மொத ஆளாப் போயிப் பாத்துட்டேன். மூணு பக்கம் பலகை, ஒரு பக்கம் கதவு, மேல ஒரு பல்பு, கீழ வெறுந்தரை. ஒரு படம் உண்டா, ஒரு பொம்மை உண்டா. பக்கத்துல ஒரு பையன் பழைய செல்போனையெல்லாம் கோத்து மரம் பண்ணி வெச்சிருக்கறான். அது பாக்கறதுக்காச்சும் இருக்குது. இது என்ற பொண்ணு பண்ணுனது, நானே கொறை சொல்லக் கூடாது. ஆனா உள்ளதச் சொல்லோணுமில்லீங்க.

ஆமாங்க, என்ற பொண்ணுதான். தாரணி. இந்த ஓவியக் காலேஜுல கடைசி வருசம், பரிட்சைக்குப் பண்ணுனதத்தான் இன்னைக்குக் காட்சிக்கு வெச்சிருக்கறாங்க. அவ இங்க இல்ல, ஹாஸ்டல்ல பெட்டி கட்டிட்டு இருக்கறா. சாயங்காலம் ரயிலு, பூனாவுக்கு. அங்க ஏதோ ஸ்டுடியோவுல வேலையாம். அவங்கம்மா கூட இருக்கறா. என்னைய மட்டும் இங்க அனுப்பி வெச்சுட்டாங்க. 'போயி உங்க மக பண்ணுனதப் பாருங்க, பாத்துட்டு வந்து அப்பறம் பேசுங்க'ன்னு பூங்கொடி சொன்னா. பூங்கொடி என்ற சம்சாரம். பாத்துட்டேன்னு போன் பண்ணுனேன். 'அதுக்குள்ளயுமா, நல்லாப் பாத்தீங்களா'ன்னு கேக்கறா. வெறும் ரூம்ல நல்லாப் பாக்கறதுக்கு என்னங்க இருக்குது?

எனக்குக் காங்கயமுங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஹார்டுவேர்ஸ் சென்னியப்பன்னு கேட்டீங்கன்னா ஆரு வேணாலும் கொண்டாந்து விடுவாங்க. ஆணி, கீலு, பூட்டு, பெயிண்டு, எல்லாமுந்தான். எங்க ஊர்ல பாதி வூட்டுக் கதவுல இருக்கற தாழ்ப்பாளு என்ற கையால எடுத்துக் குடுத்ததுதான். அதச் சொல்றதுக்கு என்ன கூச்சம்.

இந்தக் கதவு இருக்குதே, இது எங்க வூட்டுக் கதவுங்க. நெசமாத்தான் சொல்றேன். அவ ரூமுக் கதவு. வூடு கட்டறப்ப நானே மரக்கடையில நின்னு பொறுக்குன தேக்கு. தொட்டுப் பாருங்க. அந்த வெள்ளைப் பெயிண்டு நான் ஆசாரி கிட்டச் சொல்லி அடிச்சது. மினுக்காத பெயிண்டு, இப்பப் புதுசா வந்திருக்குது. உள்பக்கம் தாழ்ப்பாளு பித்தளை. கடையில இருந்ததுலயே ஒசத்தியா எடுத்து மாட்டி, பார்சல் லாரியில போட்டு இம்முட்டுத் தூரம் அனுப்பி வெச்சனுங்க. அது போயிச் சேந்த அன்னையோட என்ற மக எங்கிட்டப் பேசறத நிறுத்திட்டா. தைக்கு முந்தி நின்ன பேச்சு. இப்ப வெயில் காலமே வந்துருச்சு.

நீங்களே சொல்லுங்க, இதுல என்ற தப்பு என்னன்னு. முழுசாச் சொல்றேன், உங்க வீட்டம்மா வர்ற வரைக்கும் கேளுங்க.

அவ பத்தாவது படிச்சுட்டு இருந்தப்ப எங்க வீதியில ஒரு புள்ளை, ரிசல்ட் வந்த அன்னைக்கு ரூமுக்குள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டுக்கிட்டா. கதவ ஒடைச்சுத்தான் எடுத்தாங்க. நல்ல புள்ளைங்க. எங்க வூட்டுக்கு வந்து தாரணி கூடப் பாண்டி ஆடுவா. அந்தக் கதவ ஒடைக்கறதுக்குக் கடப்பாறை எங்க கடையில இருந்துதான் வாங்கிட்டு ஓடுனாங்க. நானுந்தான் போனேன். அதெல்லாம் வேண்டாமுங்க.

வூட்டுக்கு வந்தேன். வந்ததும் ஸ்க்ரூ டிரைவர எடுத்து தாரணி ரூமுத் தாழ்ப்பாளக் கழட்டிப் போட்டுட்டேன். அவ பக்கத்துலயே நின்னு பாத்துட்டு இருந்தா. அழுதுட்டு இருந்தா, சிநேகிதி போனதுக்கு. அந்த வாரமே எங்க வீதியில பாதிப் பேரு கழட்டிட்டாங்க. பெத்தவன் வேற என்னங்க பண்ணுவான்? புள்ளை உள்ள இருந்து சாத்திக்கிட்டா நான் வெளிய நின்னு எத நம்பறது?

பரிட்சை முடிஞ்சு அவளுக்கு நல்ல மார்க்குத்தான். 'இப்பத் தாழ்ப்பாளு போடலாமாப்பா'ன்னு கேட்டா. பாக்கலாம் கண்ணுன்னேன். பன்னெண்டாவது முடிஞ்சு கேட்டா. பாக்கலாமுன்னேன். அதுக்கப்பறம் ஒரு நோம்பி நாள்ல, சொந்தம் ஒறம்பரையெல்லாம் வந்திருந்தப்ப, எல்லாருக்கும் முன்னால கேட்டுட்டா. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. 'உனக்கென்ன அம்மிணி, கல்யாணம் ஆகி உன்ற வூட்டுக்குப் போயி ஆறு தாழ்ப்பாளுகூடப் போட்டுக்க, நம்ம கடையில இருந்தே எடுத்துட்டுப் போ'ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளுஞ் சிரிச்சா. அதோட கேக்கறத விட்டுட்டா. நானும் மறந்துட்டா போலன்னு நெனைச்சுட்டேன்.

எங்க வூட்ல ஒளிவு மறைவே கெடையாது சார். எல்லாக் கதவும் தொறந்தேதான் கெடக்கும். எங்க ரூமும் அப்படித்தான். ஆனா அவ எங்க ரூமுக்கு வந்தான்னா, கதவு தொறந்து கெடந்தாலும் கதவு நெலையில தட்டிட்டுத்தான் வருவா. வெரலுக் கணுவால மெதுவா ரெண்டு தட்டு, சித்த நேரம் விட்டு இன்னொண்ணு. நம்ம வூட்டுக்குள்ள என்னடி தட்டறது, இது என்ன ஆபீசான்னு அவங்கம்மா கேலி பண்ணுவா. நானுந்தான் பண்ணுவேன். ஒருநாளும் அந்தப் பழக்கத்த அவ விடல.

நாங்க அவ ரூமுக்குப் போறப்பத் தட்டறதில்லீங்க. பெத்த புள்ளை ரூமுக்கு எதுக்குத் தட்டிக்கிட்டு? காப்பி கொண்டுட்டுப் போவோம், துணி மடிச்சு வெக்கப் போவோம், சும்மா படிக்கறாளான்னு எட்டிப் பாப்போம். அப்பத்தானுங்க இந்தக் கதவு ஒரு தொந்தரவு குடுத்துச்சு. தள்ளுனா லேசுல வராது. கனமா இருக்கும். அழுத்தித் தள்ளுனா சித்த நேரங் கழிச்சு வரும். மழைக்கு மரம் ஊதியிருக்குமுன்னு ஓரத்தச் சீவிப் பாத்தேன். கீலுக்கு எண்ணெய் விட்டேன். கீலையே மாத்துனேன். ஊருக்கெல்லாம் கீலு விக்கறவன் வூட்டுல கதவு இறுக்கமா இருந்தா மானம் போகுமில்லீங்க. கடைசியிலதான் தெரிஞ்சுது, கதவுல கோளாறே இல்ல. இவ உள்பக்கமாக் கீழ உக்காந்து, கதவுல முதுகச் சாச்சுட்டு இருந்திருக்கறா. படிக்கறதும் அங்கதான், படம் வரையறதும் அங்கதான். மேசை நாற்காலி வாங்கிப் போட்டிருக்குது, கட்டில் கெடக்குது, அங்கெல்லாம் உக்காராம எதுக்கு அம்மிணி இப்படித் தரையிலன்னு கேப்பேன். 'இங்கதாம்ப்பா சவுகரியமா இருக்குது'ன்னுட்டு எந்திருச்சு நகந்து வழி விடுவா. சில பேருக்கு அப்படி ஒரு எடம் புடிச்சுப் போயிருமுங்க.

அப்பறம் இந்தக் காலேஜு. எனக்கு இஷ்டமில்லதான். பி.காம் படிச்சுட்டுக் கடையப் பாத்துக்கிட்டான்னா ஆகாதான்னு இருந்துச்சு. ஆனா சேத்து விட்டனா இல்லையா? சேத்து விட்டேன். அதையும் சொல்லோணுமில்லீங்க.

போன வருசம், மழைக் காலம். அவளே போன் பண்ணுனா. 'அப்பா, எனக்கு ஒண்ணு வேணும், தருவீங்களா'ன்னா. நோம்பி நாளுக்கு அப்பறம் என்ற மக எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டதே அதுதானுங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. கேளு கண்ணுன்னேன். 'என் ரூமுக் கதவு வேணுமுப்பா. பரிட்சைக்கு ஒண்ணு பண்ணப் போறேன். அப்படியே கழட்டி அனுப்புங்க, ஒண்ணும் பண்ண வேண்டாம்'னா.

கதவ எதுக்குக் கேக்கறான்னு வெளங்கல. இருந்தாலும் கேட்டது எங்கிட்டயில்லீங்களா. ஆசாரியக் கூட்டியாந்து அன்னைக்கே கழட்டிட்டோம். கழட்டித் திண்டுல சாச்சு வெச்சுப் பாத்தா, உள்பக்கம் ஒரே அசிங்கமுங்க. தலையில வெக்கற எண்ணெய் அத்தனையும் கதவுலதான் இருந்துச்சு. கீழ ஒரு கறை, அதுக்கு மேல ஒண்ணு, இன்னும் கொஞ்சம் மேல ஒண்ணு. புள்ளை வளர வளரக் கறையும் மேல ஏறியிருக்குது. சுத்தியும் பிசுக்கு. தாழ்ப்பாளு கழட்டுன எடத்துல ஓட்டை ஓட்டையா வேற.

இதப் போயிக் காலேஜுக்கு அனுப்பறதுங்களா? இத்தனை பேரு பாக்கற எடம். ஹார்டுவேர்ஸ் சென்னியப்பன் வூட்டுக் கதவு இப்படியான்னு கேக்க மாட்டாங்களா? கூச்சப்பட்டுட்டு ஒண்ணும் பண்ண வேண்டாமுன்னு சொல்லுது புள்ளைன்னு நெனைச்சேன். தின்னரப் போட்டு நானும் ஆசாரியுமாத் தேய்ச்சோம். போகல. அப்பறம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, ஓட்டையெல்லாம் பட்டி வெச்சு அடைச்சு, மேல வெள்ளையடிச்சு, அந்தப் பித்தளைத் தாழ்ப்பாள மாட்டுனேன். எத்தனை வருசமாக் கேட்ட தாழ்ப்பாளுங்க. நானே கையால மாட்டுனேன். போயிச் சேந்ததும் புள்ளை சந்தோசத்துல போன் பண்ணுமுன்னு போனக் கையிலயே வெச்சுட்டு இருந்தேன்.

பண்ணுனா. 'அப்பா, உள்பக்கம்…'னா. உள்பக்கமும் தேய்ச்சாச்சு கண்ணு, ஒரு பொட்டுக் கறை இல்ல, புதுக் கதவு மாதிரி ஆக்கிட்டேன், தாழ்ப்பாளப் பாத்தியான்னு கேட்டேன். லைன் கட்டாயிருச்சோன்னு ஹலோ ஹலோன்னேன். மூச்சு விடற சத்தம் கேட்டுச்சு. அப்பறம் வெச்சுட்டா.

அதோட சரிங்க. நான் பண்ணுனா எடுக்கறதில்ல. அவங்கம்மா கிட்ட மட்டும் பேசறா. பூங்கொடி கேட்டதுக்கு, 'நாலு வருசமா மனசுல வெச்சிருந்தது, தேய்ச்சுட்டாரும்மா'ன்னு மட்டுஞ் சொன்னாளாம். எனக்கு வெளங்கல. இப்பவும் வெளங்கல. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு எதுக்குக் கோவம் வருது, எதுக்கு வர்றதில்லைன்னு ஆரு கண்டா.

ஒரே ஒரு நல்லது நடந்துச்சுங்க. இங்க வந்ததுல இருந்து தலைக்கு எண்ணெயே காட்டாமப் பரட்டையாத் திரிஞ்ச புள்ளை, கதவு வந்த மாசத்துல இருந்து 'செக்கெண்ணெய் அனுப்பும்மா'ன்னு கேக்க ஆரம்பிச்சா. எங்க ஊருல தேங்காயெண்ணெய்க்குப் பஞ்சமா? மாசம் தவறாம அனுப்புனோம். இன்னைக்குத்தான் அவளப் பாத்தேன், தூரத்துல இருந்து. தலை படிய வாரி, எண்ணெய் வெச்சு, பள்ளிக்கூடம் போன புள்ளை மாதிரியே நின்னுட்டு இருந்தா. என்னையப் பாத்ததும் ஹாஸ்டலுக்குள்ள போயிட்டா. பரவால்லீங்க. பழக்கம் திரும்பி வந்திருக்குது, மனசும் திரும்புமில்லீங்களா.

அந்தச் சீட்டு ஒட்டியிருக்குது பாத்தீங்களா, கதவுக்குப் பக்கத்துல? என்னென்ன சாமான்ல பண்ணுனதுன்னு எழுதோணுமாம். 'தேக்கு, பித்தளை, தேங்காய் எண்ணெய்'னு எழுதியிருக்கறா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கீலுக்குப் போயித் தேங்காயெண்ணெய் விட்டிருக்கறா சார். கீலுக்கு மெசின் ஆயில்தான் விடோணும். தேங்காயெண்ணெய் விட்டா நாளாக நாளாகப் பிசுக்குப் புடிச்சு இறுகிப் போயிரும். கடைக்காரன் மக, இதுகூடத் தெரியல பாருங்க.

அட, உங்க வீட்டம்மா வந்துட்டாங்க. வாங்கம்மா, உக்காருங்க, நான் நின்னுக்கறேன். என்னங்கம்மா, கண்ணெல்லாம் செவந்து கெடக்குது? சார், அவங்களுக்குத் தண்ணி குடுங்க.

தப்பா நெனைக்காதீங்கம்மா, நான் இதப் பண்ணுன புள்ளையோட அப்பா. உள்ள அப்படி என்னத்தப் பாத்தீங்க?

கறைங்களா? எங்கீங்க?

கதவுலயா? இல்லீங்களே. நான் போனப்பக் கதவுல ஒண்ணும் இல்லையே. வெள்ளை வெளேர்னு இருந்துச்சு.

உள்பக்கமா.

நான் சாத்தலீங்க. எங்க வூட்ல ஆரும் சாத்தறதில்ல. கதவ அப்படியே செவுத்தோட தள்ளி விட்டுட்டு நின்னு பாத்துட்டு வந்துட்டேன். உள்பக்கம் செவுத்துப் பக்கமில்ல போயிருச்சு, எப்படித் தெரியும்.

சாத்தித் தாழ்ப்பாளு போட்டாத்தான் தெரியுமுங்களா.

எவ்வளவு ஒசரத்துலங்கம்மா இருக்குது? உக்காந்தா தலை சாயற ஒசரமா. ஒண்ணுதானுங்களா? ஒண்ணே ஒண்ணு. ஆமா, ஒண்ணுக்குத்தான் நேரம் இருந்திருக்கும். எண்ணெய் வெச்சுட்டு வந்து தெனமும் உக்காந்திருக்கறா. நான் தேய்ச்சு எடுத்த எடத்துலயே உக்காந்திருக்கறா.

செக்கெண்ணெய் நான்தானுங்க கட்டி அனுப்புனேன். டப்பா ஒழுகக் கூடாதுன்னு மூடிக்கு டேப்பு சுத்தி அனுப்புனேன்.

நீங்களும் உக்காந்தீங்களாம்மா? சாஞ்சு உக்காந்தீங்களா. உங்க வூட்லயும் நீங்க… சரிங்க, சரிங்க, நான் கேக்கல.

சார், எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுவீங்களா. நான் இன்னொருக்கா உள்ள போயிட்டு வாரேன். நீங்க இந்த நாற்காலியிலயே இருங்க. ஆராச்சும் வந்தாத் தள்ள வேண்டாமுன்னு சொல்லுங்க. உள்ள ஆளு இருக்குதுன்னு சொல்லுங்க. பெரிய ஒத்தாசையா இருக்கும்.

சார். கேக்குதுங்களா? பலகைதானே, கேக்கும்.

தாழ்ப்பாளு போட்டுட்டனுங்க.

அந்தம்மா சொன்னது நெசந்தான். இருக்குது. உள்ளங்கை அகலத்துக்கு, மஞ்சளா. ஓரம் பரவிக் கெடக்குது. எங்க வூட்டுக் கதவுல இருந்த மாதிரியேதான் இருக்குது. நான் இதத்தான் உப்புத்தாள் போட்டு… ஆசாரி கேட்டானுங்க, 'மொதலாளி, புள்ளை வேண்டாமுன்னு சொல்லுச்சாமே'ன்னு. நீ தேய்டான்னேன்.

உக்காந்துட்டேன் சார். முட்டி வலி, இருந்தாலும் உக்காந்துட்டேன். சாஞ்சா அந்தக் கறை என்ற கழுத்துக்கிட்ட வருது. அவ குட்டை, அவங்கம்மா மாதிரி.

இங்க உக்காந்தா வெளிய நடக்கறது எல்லாம் முதுகுல தெரியுதுங்க. ஆரோ நடந்தாக்கூட அதிருது. நாங்க தள்ளுறப்ப அவ முதுகுலதான் தள்ளியிருக்கறோம். நான் கீலு மாத்துனேன் சார். ஓரத்தச் சீவுனேன். அவ முதுகுங்க அது.

அவளும் அந்தச் சிநேகிதிப் புள்ளை மாதிரி ஆயிருவாளோன்னுதான் கழட்டுனேன். அது பொய்யில்லீங்க. அத மட்டும் அவகிட்ட ஆராச்சும் சொல்லோணும்.

ஆருங்க அது, தட்டறது?

சார், தட்டறது நீங்களா?

இல்ல, இல்ல, சொல்ல வேண்டாம். ரெண்டு தட்டு, சித்த விட்டு ஒண்ணு. எனக்குத் தெரியுமுங்க. ரயிலுக்கு நேரமாச்சாக்கும். சொல்லிட்டுப் போக வந்திருக்கறா.

சார், அவகிட்டச் சித்த நேரம் நிக்கச் சொல்லுங்க. இப்பத் தொறக்க முடியாதுங்க. என்ற மூஞ்சி நல்லா இல்ல. இப்படி அவ என்னையப் பாத்ததே இல்ல, பாக்க வேண்டாம். ஒரு அஞ்சு நிமிசம் நான் இங்க தனியா இருந்துட்டு வந்தர்றேன். தள்ள வேண்டாமுன்னு மட்டும் சொல்லுங்க.

தள்ள மாட்டா. அவ தள்ள மாட்டாங்க.

நிக்கறாளுங்களா இன்னும்?